சாய்கிற வேலை

நீலாம்பல் வளாகத்தின் பதினோராம் மாடியில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைக் காப்பிக்கு முன்னால், வரதராஜன் என்கிற கணினி நிறுவன அதிகாரி தன் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சி ஒன்றைப் போட்டார். உள்ளே இருந்த டரன்டுலா, உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் அடர்ந்த அந்தச் சிலந்தி, வழக்கம்போல அதன்மேல் பாய்ந்தது. பாய்ந்த அதே நொடியில் வரதராஜன் பளிங்குத் தரையில் சாய்ந்தார். கழுத்தில் இரண்டு ஆணி இறங்கியது, ஆணி இறங்கிய வழியே குளிர் ஏறியது, குளிர் ஏறிய இடமெல்லாம் சதை கரைந்து கஞ்சியானது, அந்தக் கஞ்சியை யாரோ நிதானமாக, சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சிக் குடித்தார்கள். இருபத்திரண்டு நிமிடம் கழித்து அவர் எழுந்து உட்கார்ந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காப்பி ஆறிவிட்டதென்று மனைவி சுபத்ரா வேறு காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அந்த வளாகத்தில் அப்போது நாற்பத்தியோரு வீடுகளில் டரன்டுலா வளர்த்தார்கள். நாய் என்றால் நடக்கக் கூட்டிப்போக வேண்டும், பூனை என்றால் சோபாவைக் கீறும், இது குரைக்காது, கேட்காது, கொஞ்சம்தான் தின்னும், விருந்தாளி வந்தால் காட்டலாம் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கியது. ஆவணி பிறப்பதற்குள் நாற்பத்தியோரு பேரும் ஆளுக்கொரு முறை சாய்ந்து எழுந்துவிட்டார்கள். எந்தக் கை உயிரை உள்ளே விடுகிறதோ அந்தக் கைக்குரிய உடம்பில் அந்த உயிரின் சாவு நடக்கும் என்பது மழை பெய்தால் நனையும் என்பதுபோல எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஏன் இப்படி ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை வருடம் ஏன் இப்படி ஆகாமல் இருந்தது என்று கேட்கிற யோக்கியதை அங்கே யாருக்கும் இல்லை.

குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. பூச்சிக்கு இவ்வளவு வலிக்குமென்று தெரியாமல் போயிற்றே என்று ஒரு அம்மாள் நிஜமாகவே அழுதாள். சிலந்தியும் ஓர் உயிர்தானே, அதைப் பட்டினி போடுவது மட்டும் தர்மமா என்று ஒருவர் கேட்டார். ஒன்றை ஒன்று தின்பது இயற்கையின் நியதி என்றார் இன்னொருவர். ஒருமுறை சாய்ந்து எழுந்தவரானதால் அதைச் சற்று மெதுவாகத்தான் சொன்னார். மூன்று வீட்டார் சிலந்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்கள் கலங்கி நின்றார்கள். அப்படிக் கலங்கி நின்ற நாளில்தான் ஏழாம் மாடியில் ஒரு வீட்டம்மா, பாத்திரம் தேய்த்துவிட்டுக் கைதுடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரி கோமளாவிடம், "போற போக்குல அந்தப் பூச்சி டப்பாவக் கொஞ்சம் பெட்டிக்குள்ள தட்டி விட்டுடேன்" என்றாள். கோமளா தட்டினாள். கோமளா சாய்ந்தாள். வீட்டம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

பூச்சிக்கு எவ்வளவு வலிக்கும் என்ற கேள்வி அன்றோடு அந்த வளாகத்தில் முடிந்தது.

சதுப்பு நிலத்துக்கு இந்தப் பக்கம் நீலாம்பல் என்றால் அந்தப் பக்கம் எழில்பாக்கம் குடியிருப்பு. நகரத்துக்குள் ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவர்களை லாரியில் ஏற்றி, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து, எட்டு மாடிப் பெட்டிகளுக்குள் இறக்கிவிட்ட இடம். ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை. பெண்களுக்கு நீலாம்பலில் பாத்திரமும் துடைப்பமும் இருந்தது. பாத்திரம் தேய்க்க எந்திரம் வந்தபின் அதுவும் குறைந்தது. குறைந்த இடத்தில் சாய்கிற வேலை வந்தது. காலையில் குளித்து, பூ வைத்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெண்கள் சதுப்பு நிலத்துச் சாலையில் சாரிசாரியாகப் போவார்கள், சாய்வார்கள், எழுவார்கள், கூந்தலை முடிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். முதலில் அம்மன் கோயில் பூசாரி அருள் வந்திருக்கிறதென்று வேப்பிலை அடித்துப் பார்த்தார். சபைப் பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்துப் பார்த்தார். இரண்டு பேரும், இது நம்ம பக்கத்துச் சமாச்சாரம் இல்லை என்று கையை விட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் இப்போதுதான் சாய்ந்து எழுந்தவளை ஓரத்து இருக்கையில் உட்காரவைக்கக் கூடாதென்று தெரிந்துகொண்டார்கள். ரேஷன் கடையில் அவர்களுக்கு வரிசையில் முன்னுரிமை கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் தட்டைக் கீழே வைப்பதற்கு முன்னால், "பொண்ணு சாயுதா?" என்று கேட்டார்கள், சாய்கிறது என்றால் ஜாதகம்கூடப் பார்க்கவில்லை, வீட்டுக்கு வருமானம் என்று சந்தோஷப்பட்டார்கள்.

வேதவல்லி மட்டும்தான் சந்தோஷப்படவில்லை.

அறுபத்துமூன்று வயது. பள்ளிக்கூடம் போனதில்லை. மில் வாசலில் இறைந்து கிடந்த துண்டறிக்கைகளைப் பொறுக்கிவந்து, எழுத்துக் கூட்டி, அதில்தான் படிக்கக் கற்றுக்கொண்டாள். அதனாலேயே அவளுக்குத் தெரிந்த முதல் சொல் அம்மாவும் இல்லை, ஆடும் இல்லை, அநீதி. ஆற்றோரத்தில் புல்டோசருக்கு முன்னால் உட்கார்ந்தவள். ஏழு முறை உள்ளே போனவள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் கட்சியில் வட்டச் செயலாளரானார்கள், ஒருவர் எம்.எல்.ஏ.வுக்கு மைத்துனரானார், அவள் வேதவல்லியாகவே இருந்தாள், அதில் அவளுக்கு மலையளவு கர்வம். அவளுடைய ஒரே மகள் அமுலு. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து புருஷன் செத்துப்போன அமுலு, தன் மகளை நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள், அதற்காக ஒரு நாளைக்கு நாலு வீட்டில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

சாய்ந்தவர்கள் எழுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் முழுதாக எழுவதில்லை என்பதை வேதவல்லி தன் வீட்டிலேயே பார்த்தாள். முதலில் அமுலுவுக்கு உப்பு தெரியாமல் போயிற்று. பிறகு இடது கை, அடுப்பங்கரையில் நின்றாலும் பானைத் தண்ணீர்போல ஜில்லென்று இருந்தது. பிறகு இருபத்திரண்டு நிமிடம் நாற்பதானது, நாற்பது ஒரு மணி ஆனது.

"எம்மா, சும்மா மூஞ்சியவே பாத்துகினு இருக்காத. எனுக்கு ஒண்ணும் இல்ல" என்பாள் அமுலு.

"கைய குடு."

"போம்மே. உனுக்கு வேற வேல கெடையாது."

வேதவல்லிக்கு வேலை இருந்தது. புரட்டாசியில் நீலாம்பல் வாசலில் பெண்களை உட்காரவைத்தாள். ஒருத்தியும் உள்ளே போகக் கூடாது, ஒரு பூச்சியும் விழக் கூடாது என்றாள். எட்டு நாள் வெயிலில் காய்ந்தார்கள், சதுப்பு நிலத்துக் கொசுவுக்கு ரத்தம் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் வரதராஜனும் சங்கத்துக்காரர்களும் இறங்கி வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளை மாதிரி வளர்க்கிற பூச்சி பட்டினி கிடப்பதைத் தாங்கமுடியாமல் இறங்கிவந்துவிட்டார்கள் பார் என்று வேதவல்லி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள், கூட்டம் கைதட்டியது.

அங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். அது ஆற்றோரத்துக்காரி செய்யக்கூடிய தப்பு. ஆற்றோரத்தில் தண்ணீர் லாரி வரும்போது மண்டை உடையும். அதை நிறுத்தியவள் வேதவல்லி. வீட்டுக்கு ஐந்து குடம், வரிசையில் குடம், ஆள் இல்லாவிட்டால் குடத்துக்குப் பதில் செங்கல், யாரும் யாரையும் முந்தக் கூடாது, ஒழுங்கு பார்க்கிறவள் தன் குடத்தைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். கிடைப்பதைச் சமமாகப் பங்கு போடுவதுதான் நியாயம் என்று முப்பது வருடம் அவள் கை பழகியிருந்தது. அந்தக் கையாலேயே இதையும் பங்கு போட்டாள். ஒருத்திக்கு ஒரு நாளைக்கு ஒரு சாய்ச்சல். முறைவைத்துப் போக வேண்டும். தூக்கிவிடக் கூட ஒருத்தி போக வேண்டும். சாய்ந்தபின் அரைமணி ஓய்வு, ஒரு டம்ளர் மோர். எல்லாவற்றுக்கும் அவர்கள் தலையாட்டினார்கள். ஒழுங்கு பார்க்கிறவள் கடைசி என்பதால் முறைப்பட்டியலில் அவள் பெயர் அடியில் இருந்தது. தண்ணீர் வரிசைக்கு ஒரு கடைசி உண்டு, லாரி காலியாவதற்குள் அது வந்துவிடும், சுற்றிச்சுற்றி வருகிற முறைக்குக் கடைசி எங்கிருந்து வரும்? வேதவல்லி ஒருமுறைகூடச் சாய்ந்ததில்லை. தலைவி சாயக் கூடாதுதான் என்று பெண்களும் சொன்னார்கள், மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள்.

ஒப்பந்தம் ஆன மூன்றே மாதத்தில் நாற்பது சிலந்தி முந்நூறானது. எல்லாம் முறையாக நடக்கிறது, மோர்கூடக் கொடுக்கிறார்கள், இனி என்ன மனக்கஷ்டம் என்று, திருப்பிக் கொடுத்த மூன்று வீட்டாரும் மறுபடி வாங்கிவந்தார்கள். கூட்டத்தில் அழுத அம்மாள் இரண்டு வாங்கினாள். பக்கத்து வளாகங்களில் வேதவல்லி ஒப்பந்தம் என்று பெயர் சொல்லியே அமல்படுத்தினார்கள். அவளுடைய பெயர் அச்சில் வந்தது, வாழ்நாளெல்லாம் அவள் கேட்டு ஒரு பத்திரிகையும் போடாத பெயர். முந்நூறு சிலந்திக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்பது போதவில்லை. அதைத் தளர்த்தச் சொல்லிப் பெண்களே அவளிடம் வந்து நின்றார்கள். அமுலுதான் முன்னால் நின்றாள்.

"இன்னும் ரெண்டு வருசம், படிப்பு முடியட்டும். அப்பால வுட்டுர்றேன். தடுக்காதம்மா."

ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கு அத்தோடு தளர்ந்தது. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை பகலில் பதினோராம் மாடியிலிருந்து ஆள் வந்தது. அமுலு சாய்ந்து ஒன்றரை மணி ஆகியும் எழவில்லை. வேதவல்லி ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் போயிருந்தார்கள், வரதராஜனும் அவர்களை வழியனுப்பப் போயிருந்தார். பாயில் மகள் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள், உதட்டில் ஈ உட்கார்ந்து நடந்தது. சுபத்ரா பக்கத்தில் மண்டிபோட்டு, முந்தானையால் அந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். வெகுநேரமாக விரட்டிக்கொண்டிருந்தவள்போல இருந்தாள்.

"இது எதுவுமே வேண்டியதில்லை, தெரியுமா உங்களுக்கு?" என்றாள் சுபத்ரா, தாழ்ந்த குரலில். "அது செத்ததையும் தின்னும். இவர் வெளியூர் போயிருந்தப்ப நான் பூச்சிய ஃப்ரீசர்ல வெச்சுடுவேன். தூங்கற மாதிரி செத்துடும், எனக்கு விரல் நுனி கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான். அதைக் குச்சியில நீட்டினா வந்து வாங்கிக்கும்."

வேதவல்லி மகளின் ஜில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ஒம்பதாம் நாளு? பட்டினி தாங்காதுன்னுதான எறங்கி வந்தாங்க?"

"அதுக்கா பட்டினி? மூணு மாசம்கூடத் திங்காம கெடக்கும்மா அது. ஒம்பது நாள் உங்களுக்குத்தான் பட்டினி." சுபத்ரா கண்ணாடிப் பெட்டிப் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "செத்ததைக் குடுத்தா வர்றவங்களுக்குப் பாக்க ஒண்ணும் இருக்காது. அதான் விஷயம்."

ஃப்ரீசரிலிருந்து ஒரு பூச்சியை எடுத்துக் காகிதத்தில் மடித்து அவள் கையில் கொடுத்தாள் சுபத்ரா. கொடுத்த வேகத்தில் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

மூன்று மணி நேரம் கழித்து அமுலு எழுந்தாள். வீட்டுக்குக் கூட்டிவந்து, சுடுகஞ்சி கொடுத்து, குளிர்ந்த கையைத் தன் அக்குளில் வைத்து இடுக்கிக்கொண்டு, வேதவல்லி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கே வாசலில் மைக் கட்டுகிறேன், முந்நூறு வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டுகிறேன், வேடிக்கைக்காகச் சாகடித்தார்களாடி உங்களை என்றாள். அமுலு கஞ்சியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியும்மா."

"இன்னா தெரியும்?"

"செத்தத துன்னும்னு. கோமளாக்காவுக்கு மொத வாரமே தெரியும். பூச்சி போட்டப்பவே செத்துருந்துச்சு, அப்பவும் துன்னுச்சு, அக்கா சாயவே இல்ல. எல்லாருக்கும் தெரியும். உன் காதுக்கு மட்டும் போவக் கூடாதுன்னு பேசி வெச்சுகினோம்."

"ஏன்டி?"

"உன் காதுக்கு வந்தா நீ மீட்டிங் போட்ருவ. மீட்டிங் போட்டா வேல போய்டும். இது போச்சுன்னா இன்னா கீது இங்க? நீயே சொல்லு, இன்னா கீது?"

வேதவல்லி எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ கேள்விகளுக்கு நின்றபடியே பதில் சொன்னவள். ஜன்னலுக்கு வெளியே எட்டு மாடிக்கும் எட்டு மாடிக்கும் நடுவில் துணி காய்ந்தது, அதற்கப்பால் சதுப்பு நிலம், அதற்கப்பால் நீலாம்பல். வேறு எதுவும் அந்த ஜன்னலில் இல்லை.

"நாளைக்கு எத்தினி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம இல்ல? அஞ்சு."

ஐந்து சாய்ந்தால் அமுலு எழமாட்டாள். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கையைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். அமுலுவுக்கும் தெரிந்துதான் இருந்தது, அதனால்தான் அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைக் கழுவப் போனாள்.

காலையில் மகள் எழுவதற்கு முன்னால் வேதவல்லி குளித்தாள், பாயைச் சுருட்டினாள், கதவை வெளியே தாழ்போட்டாள். அமுலுவுக்குத் துணையாக வரவேண்டிய கோமளா கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, பாய் உன் கைல கீது? அமுலு எங்க?"

"அவ முறைய நான் பாக்கறேன். நட."

"தலைவி சாயக் கூடாதுக்கா."

"வாய மூடிகினு நட கோமளா."

பதினோராம் மாடியில் பத்துப் பன்னிரண்டு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இட்லி வாசனை அடித்தது. ஒரு குழந்தைக்கு யாரோ மூக்கு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். வேதவல்லியைப் பார்த்ததும் வரதராஜன் எழுந்து நின்றார், அவருக்கு அவளிடம் மரியாதை உண்டு, இவங்கதான் அந்த வேதவல்லி அம்மா என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார், எல்லோரும் கும்பிட்டார்கள்.

வேதவல்லி காகிதத்தைப் பிரித்தாள். சுபத்ரா கொடுத்திருந்த பூச்சி, கால்களை மடித்துக்கொண்டு தூங்குவதுபோல இருந்தது. குச்சியில் அதைக் குத்திப் பெட்டியின் மூடியைத் தள்ளி நீட்டினாள். சிலந்தி யோசித்தது; பிறகு ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்து, பிச்சை வாங்குகிற கிழவியைப்போல அதை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போயிற்று. யாரும் சாயவில்லை. வேதவல்லி திரும்பி, நிமிர்ந்து, வாசல் கூட்டத்தில் நிற்கிறவளைப்போல அவர்களைப் பார்த்தாள்.

"பாத்துக்குங்க. துன்னுது. உயிர் வேண்டியதில்ல அதுக்கு. இனிமே எவளும் சாய வேண்டியதில்ல."

ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தை, "அவ்ளோதானா?" என்று கேட்டது.

"நீங்க சொல்றது சரிதாம்மா" என்றார் வரதராஜன், மெதுவாக, வயதுக்கு மரியாதை குறையாமல். "இப்படியும் குடுக்கலாம். நாங்களே குடுத்துக்கலாம். அப்ப உங்க ஆளுங்க யாரும் நாளையிலேர்ந்து வர வேண்டாம், இல்லையா? அப்படியே எல்லா வீட்டுக்கும் சொல்லிடட்டுமா?"

கோமளா பின்னாலிருந்து வேதவல்லியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். யக்கா, யக்கா என்று மூச்சுக்குள் சொன்னாள். இருநூறு குடும்பம் அந்த முந்தானையில் தொங்குவதுபோலக் கனத்தது.

பக்கத்துப் பெட்டியில் இன்னொரு சிலந்தி இருந்தது. மேசைமேல் டப்பாவில் சுவர்க்கோழிகள் தட்டித்தட்டிக் குதித்துக்கொண்டிருந்தன. வேதவல்லி பாயை விரித்தாள். ஒன்றை எடுத்தாள். உள்ளங்கைக்குள் அது கூசியது. இத்தனை சின்ன உடம்புக்குள் இத்தனை அவசரம் இருக்குமென்று அவள் நினைத்ததில்லை. உள்ளே விட்டு, பாய்க்குத் திரும்பி வந்தாள்.

ஆணி இறங்கியது. குளிர் ஏறியது. அவள் எதிர்பார்த்திருந்தது வலியை, போலீஸ்காரன் தடிக்கும் பசிக்கும் பழகிய உடம்பு வலியைத் தாங்கிவிடும் என்று நம்பியிருந்தாள். ஆனால் வந்தது வேறு. ஓடவேண்டும், அந்த மூலைக்கு ஓடவேண்டும், மூலைக்குப் போனால் போதும் என்கிற ஒரே ஒரு ஆசை, அநீதி என்ற சொல் இல்லாத ஆசை, யாரையும் குற்றம் சொல்லத் தெரியாத ஆசை, கால் இருந்தும் அசையாத ஆசை, அது கரைந்து கரைந்து வெளியே போவதைப் பார்த்தபடி கிடந்தாள். கண் மட்டும் திறந்திருந்தது. திறந்திருந்த கண்ணுக்கு எதிரே நாற்காலிகள் தெரிந்தன.

இத்தனை மாதத்தில் அவள் இந்த நேரத்துக்கு ஒரு வீட்டுக்குள்ளும் வந்ததில்லை. எல்லாம் முடிந்தபின் தூக்கிப்போகத்தான் வந்திருக்கிறாள். பன்னிரண்டு நாற்காலியும் அரைவட்டமாகப் போடப்பட்டிருந்தன. பெட்டிகள் அந்த நாற்காலிகளுக்கு முதுகுப்பக்கத்தில் இருந்தன. பாய்ச்சலை ஒருவரும் பார்த்திருக்க முடியாது. பன்னிரண்டு ஜோடிக் கண்ணும் பாயின்மேல் இருந்தது. குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "பாரு, இப்ப கை துடிக்கும் பாரு" என்று ஒரு பெண்குரல் பிரியமாகச் சொன்னது. வேதவல்லியின் கை துடித்தது.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து எழுந்தாள். கோமளா அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, லிஃப்டுக்குள் கொண்டுவந்து, சுவரில் சாய்த்து நிறுத்தினாள். அடுத்தது ஏழாம் மாடி.

"கோமளா."

"இன்னாக்கா?"

"எல்லா வூட்லயும் நாற்காலி இப்டித்தான் போடுவாங்களா?"

"எல்லா வூட்லயும் இப்டித்தான்."

"பொட்டிய யாரும் பாக்க மாட்டாங்களா?"

கோமளா அவளுடைய கலைந்த கூந்தலை ஒதுக்கி முடிந்துவிட்டாள். "பூச்சிய யார்க்கா பாப்பாங்க? நிக்க முடியுதா உனுக்கு? இன்னும் நாலு கீது."

"முடியுது" என்றாள் வேதவல்லி.

ஏழாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. நடைக்கோடி வீட்டில் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே யாரோ யாரையோ உட்காரச் சொல்கிற குரலும், பளிங்குத் தரையில் நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து அரைவட்டம் சேர்க்கிற சத்தமும் கேட்டது.